நெற்றிப்பொட்டில் துடிக்கும் கட்டி

"சின்ன அடிதானுங்க, வீக்கம் வத்திப் போச்சு!" பைக்கில் விழுந்து எழுந்தவர்கள் கோவைப் பக்கம் இப்படிச் சொல்வது வழக்கம். ஆனால் சிலருக்கு, மிக அரிதாக, இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து அதே நெற்றிப்பொட்டில் கோலிக்குண்டு போல ஒரு கட்டி கிளம்பும்.

காதுக்கு முன்னால் ஏறி நெற்றிப்பக்கம் செல்லும் தமனி, தோலுக்குச் சற்றே கீழே, எலும்பின் மேல் ஓடுகிறது. அடி விழுந்தால் எலும்போடு நசுங்கி அதன் சுவர் கிழியலாம். கசிந்த ரத்தத்தைச் சுற்றித் திசுக்கள் பை போலச் சூழ்ந்துகொள்ளும். இதன் பெயர் சூடோ அனூரிசம், அதாவது போலித் தமனி வீக்கம்.

சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் ரத்தம் பீறிடும்! கட்டி நாடி போலத் துடிக்கிறதா, காதுக்கு முன்னால் தமனியை அழுத்தினால் துடிப்பு அடங்குகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். டாப்ளர் ஸ்கேன் அதை உறுதி செய்யும்.

சிகிச்சைக்குப் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, தமனியை இருபுறமும் கட்டி, பையை எடுத்துவிடுவார்கள். தலைத்தோலுக்கு ரத்தம் தர வேறு தமனிகள் இருக்கின்றன.

நண்பர்களே, கட்டியைக் காட்டப் போகும்போது மறந்துபோன அந்தப் பழைய அடியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.