சிறுகருவிகளும் பொதுமொழியும்

மொழி அறியாத நாட்டில் வாழ்பவனுக்குத் துபாஷியே வாயும் செவியும் ஆவான். ஆயின், அத்துபாஷி ஒருநாள் சொல்லாமற் போய்விட்டால் அவன் நிலை யாது? இவ்வினா மனிதருக்கு மட்டும் உரியதன்று. வீட்டுச் சுவரிலும் கதவுப் பூட்டிலும் மணிக்கட்டிலும் இன்று இடம்பெற்றுள்ள சிறிய கம்பியில்லாக் கருவிகளை நோக்கியும் இதனை எழுப்ப வேண்டியுள்ளது.

இக்கருவிகளின் குரல் பெரும்பாலும் சில பத்து மீற்றருக்கு அப்பாற் செல்லாது. ஒரு சிறு மின்கலத்தைக் கொண்டே இவற்றுட் பல ஆண்டுக்கணக்கில் இயங்க வேண்டும். ஆகவே, இணைய நெறிமுறை என்னும் சுமையை இவை தாங்கமாட்டா என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அவ்வெண்ணம் காரணமற்றதன்று. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.ஈ.ஈ.ஈ. 802.15.4 என்னும் வானலை நியமத்தில் ஒரு செய்திச் சட்டகம் 127 பைற்றுகளுக்கு மேற்படலாகாது. இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்போ, 1280 பைற்றுப் பொதியையும் சுமக்கவல்ல பாதையை வேண்டுகிறது. அதன் தலைப்பகுதி மட்டும் 40 பைற்று. வானலைக்கும் பாதுகாப்புக்கும் உரியன போக, ஏனைய தலைப்புகளையும் கழித்தால், சொல்லவந்த செய்திக்கு எஞ்சுவது 33 பைற்று அளவே. நெல்லினும் சாக்குக் கனத்த கதை இது.

எனவே ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தமக்கெனத் தனிமொழி வகுத்தனர். அதனை வெளியுலகுக்குப் பெயர்த்துரைக்க இடையில் ஒரு வாயிற்கருவியை நிறுத்தினர். துபாஷி பிறந்தது இவ்வாறே.

இதற்கு மறுதலையான வழியைக் காட்டியவருள் சுவீடன் நாட்டு அடம் டங்கெல்ஸ் குறிப்பிடத்தக்கவர். 2001இல் அவர் வெளியிட்ட சிறு மென்பொருள், சில நூறு பைற்று நினைவகமே உள்ள எட்டுப் பிற்றுக் கருவியும் இணையமொழி பேசலாம் என்பதை மெய்ப்பித்தது. 2005இல் இணையப் பொறியியற் செயலணி இதற்கெனக் குழுவொன்றை அமைத்தது. அக்குழுவின் நியமம் 2007இல் வெளிவந்து, 2011இல் மேலும் செம்மையுற்றது.

அந்நியமத்தின் நுட்பம் தமிழ் இலக்கணம் பயின்றோருக்குப் புதிதன்று. பாற்குடம் என்றவிடத்துப் பாலையுடைய குடம் என விரித்துணர்கிறோம். உருபும் பயனும் உடன்தொக்கு நிற்பினும் பொருள் கெடுவதில்லை. சொல்வோனும் கேட்போனும் அறிந்ததை ஒலிக்க வேண்டியதில்லை. இங்கும் அவ்வாறே. பதிப்பெண் எப்போதும் ஆறு. அதனைக் கூற வேண்டா. பொதியின் நீளத்தைச் சட்டகத்தின் நீளமே உணர்த்தும். முகவரியை வானலை முகவரியிலிருந்தே வருவிக்கலாம். இவ்வாறு தொக்கபின், 40 பைற்றுத் தலைப்பு அண்டைக் கருவிகளுக்கிடையே 2 பைற்றாகவும், பல கருவிகளைக் கடந்து செல்லுமிடத்து 7 பைற்றாகவும் சுருங்கக்கூடும். பெரிய பொதிகள் துண்டுகளாகச் சென்று மறுமுனையில் ஒன்றுசேரும்.

எல்லையில் இன்னும் ஒரு கருவி நிற்கத்தான் செய்கிறது. ஆயினும் அது துபாஷியன்று, தபாற்காரன். தொக்கதை விரித்து உரியவிடத்துக்கு அனுப்புவதே அதன் கடன். கடிதத்தின் பொருளை அது அறியவேண்டியதில்லை. ஆதலின், ஒன்று நீங்கின் மற்றொன்றை அவ்விடத்தில் நிறுத்தலாம்.

இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை 2016ஆம் ஆண்டு உணர்த்திற்று. வெவ்வேறு வானலைமொழி பேசும் வீட்டுக் கருவிகளை இணைத்துவந்த ரிவோல்வ் என்னும் சாதனம், அதனை முன்னரே வாங்கிவிட்ட நெஸ்ற் நிறுவனத்தின் முடிவினால் அவ்வாண்டு மே மாதம் செயலிழந்தது. ஏறத்தாழ 300 டொலர் கொடுத்து வாங்கியோரின் வீட்டில் எதுவும் பழுதடையவில்லை. தொலைவிலிருந்த சேவை நிறுத்தப்பட்டது, துபாஷி ஊமையானான்.

எனினும் பொதுமொழி ஒன்றே எல்லாம் தந்துவிடும் எனக் கொள்வது பேதைமை. அதே 2016 ஒக்டோபரில், மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கண்காணிப்புக் கமெராக்களையும் வீட்டு வழிப்படுத்திகளையும் கவர்ந்து, அவற்றைக் கொண்டே பல பெரும் இணையத்தளங்களை முடக்கியது. எவருடனும் பேசவல்ல கருவியுடன் எவரும் பேசலாம். அன்றியும், முகவரி அறிதல் வேறு, பொருள் அறிதல் வேறு. 2022 ஒக்டோபரில் வெளிவந்த மற்றர் என்னும் நியமம் பொருளையும் பொதுவாக்க முற்பட்டமை இக்குறை நோக்கியே. புளூடூத்துக்கும் இணைய நெறிமுறை 2014, 2015ஆம் ஆண்டுகளில் வகுக்கப்பட்டது. ஆயினும் மணிக்கட்டுக் கருவிகளிற் பெரும்பாலானவை இன்றும் கைத்தொலைபேசியின் வாயாலேயே பேசுகின்றன.

ஆகவே, எஞ்சியிருப்பது பொறியியல் வினா மட்டுமன்று. 33 பைற்றுக்குள் பொதுமொழி அடங்காது என்ற சாக்கு 2007இலேயே போயிற்று. இனியும் ஒருவர் துபாஷியை வாயிலில் நிறுத்துவாராயின், அது கருவியின் இயலாமையாலா, வாயிலைத் தம் கையில் வைத்திருக்கும் விருப்பாலா என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.