நாலு வருடத்துக்கான பாடங்கள்

கொழும்பில் அரசறிவியல் சிறப்புக் கலைமாணிக்குத் தெரிவாகும் தமிழ்ப் பிள்ளைகள் பாட அலகுகளைத் தெரிவு செய்யும்போது கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்: சீனியரிடம் டியூட் இருக்கிறதா, தமிழில் நோட்ஸ் கிடைக்குமா, பாஸ்ட் பேப்பர் சுலபமா? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தமிழில் இத்துறைக்கு நல்ல நூல்கள் குறைவு. ஆனாலும் அந்தக் கேள்விகளால் தெரிவான பாடங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு என்னைப் பார்க்க வந்த மாணவியும் அப்படியொரு பட்டியலோடுதான் வந்தாள்.

"புள்ளிவிவரவியல் வேணாம் மிஸ். கணக்குன்னா பயம். அக்காமார் எல்லாரும் சர்வதேச உறவுதான் எடுக்கச் சொல்றாங்க."

"கடைசி வருடம் எதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதப் போறீங்க, மகள்?"

"எங்க பக்கத்து ஆட்கள் யாருக்கு வோட் போடுறாங்க, ஏன் போடுறாங்கன்னு."

அப்படியானால் அந்தக் கட்டுரையிலிருந்தே பின்னோக்கித் திட்டமிடுவோம் என்றேன்.

வாக்கைப் பற்றி எழுத முதலில் தேர்தல் முறை தெரிய வேண்டும். 1947 பொதுத் தேர்தலில் மத்திய கொழும்பு மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க, மலாய் முஸ்லிமான ரி. பி. ஜாயா, பறங்கியரான கம்யூனிஸ்ட் பீற்றர் கெனமன் மூவரும் அங்கிருந்தே நாடாளுமன்றம் போனார்கள். 1989 முதல் கொழும்பு மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டம். கட்சிக்கு ஒரு வாக்கு, அதற்குள் மூன்று விருப்பு வாக்குகள் வரை. தேர்தல் முறை மாறினால் அதே தெருவின் வாக்குக்குக் கிடைக்கும் பலனும் மாறுகிறது. எவ்வளவு மாறியது என்று காட்ட எண்களைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே புள்ளிவிவரவியல் இரண்டாம் வருடத்திலேயே.

ஒப்பீட்டு அரசியலும் அதே வருடத்தில்தான். பேராதனையில் அரசறிவியலின் முதற் பேராசிரியராக இருந்த ஏ. ஜெயரத்தினம் வில்சன், 1978 அரசியலமைப்பைப் பற்றி 1980இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே பிரான்சின் டி கோலை வைத்தார். பிரான்சின் ஐந்தாம் குடியரசைப் படிக்காதவருக்கு நம்முடைய நிறைவேற்று ஜனாதிபதி முறை பாதிதான் விளங்கும்.

கூடவே சட்டத்திலும் ஒரு பாட அலகு எடுக்கச் சொன்னேன். ஏன் என்று விளங்கக் கோடீஸ்வரன் வழக்கு ஒன்றே போதும். சிங்களப் பரீட்சைக்குத் தோற்றாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் அவர். 1964இல் மாவட்ட நீதிமன்றம் 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் செல்லாது என்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போட முடியாது என்று அதைத் தள்ளியது. 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அதற்குப் பதில் வருமுன்னே 1972 அரசியலமைப்பு வந்துவிட்டது. பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவும் போய்விட்டது. வரலாறு, சட்டம், அரசியல் மூன்றையும் தனித்தனியே படிப்பவருக்கு இந்தக் கதை கைக்கு வராது.

எந்தக் கைந்நூலும் கட்டாயப்படுத்தாத ஒன்றை நான் வற்புறுத்தினேன்: சிங்களம் வாசிப்பது. கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் பஸ்ஸிலும் கடையிலும் சரளமாகப் பேசுவார்கள். ஒரு ஆசிரியத் தலையங்கத்தைக் கொடுத்தால் தடுமாறுவார்கள். ஹன்சார்டில் உரைகள் பேசிய மொழியிலேயே அச்சாகின்றன. நம்மைப் பற்றி எடுக்கப்பட்ட முடிவுகளில் பெரும்பகுதி சிங்களத்தில் வாதிடப்பட்டவை. அந்த வாதத்தை மொழிபெயர்ப்பில் சுருக்கமாக மட்டும் அறிந்த அரசறிவியலாளரை நான் முழுமையானவராக எண்ணமாட்டேன். கம்பஸுக்கு அருகே பிலிப் குணவர்தன மாவத்தையில் தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. மூன்றாம் வருட விடுமுறையிலேயே அங்கே போகத் தொடங்கலாம்.

சர்வதேச உறவையும் விடச் சொல்லவில்லை; மூன்றாம் வருடத்துக்குத் தள்ளினோம். நாலாம் வருடத்தில் ஒரு இடத்தை நிரப்பாமல் விட்டோம். அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் 2015இல், 20ஆவது 2020இல், 21ஆவது, காலிமுகத்திடல் போராட்டம் நடந்த 2022இல் வந்தன. அவள் பட்டம் பெறுமுன் இன்னொன்று வந்தால் அதைப் படிக்க அந்த இடம் வேண்டும்.