பார்க்க ஒண்ணு, உள்ளே வேற

எங்க சித்திக்கு ஆறு மாசம் டிபி மாத்திரை கொடுத்தாங்க, இருமல் நிக்கல. பயாப்சி பார்த்த பிறகுதான் சார்காய்டோசிஸ்னு தெரிஞ்சது. எப்படி மாறிப்போச்சுன்னு கேட்கிறீங்களா? ரெண்டு நோயிலும் எதிர்ப்புச் செல்கள் கூடி, நுரையீரலில் கிரானுலோமா என்ற முடிச்சுகளைக் கட்டுகின்றன. டிபியில் கிருமியைச் சிறைபிடிக்கக் கட்டும் முடிச்சு அது. நடுப்பகுதி பெரும்பாலும் செத்து, பாலாடைக்கட்டி மாதிரி உதிரும். சார்காய்டில் பொதுவாக அப்படி உதிராது. இன்னொரு விநோதம்: நுரையீரலில் சிடி4 செல்கள் குவிஞ்சு கிடக்கும், ஆனா கையில் போடும் மாண்டூ ஊசிக்குத் தோல் பெரும்பாலும் தடிக்காது. மருந்தும் வேற. சார்காய்டுக்கு எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு. டிபிக்கு அதை மட்டும் கொடுத்தா கிருமிக்குக் கொண்டாட்டம். உங்க வீட்ல யாருக்காவது முழுசா மாத்திரை சாப்பிட்டும் சரியாகலையா? "வேற நோயா இருக்குமா டாக்டர்?"னு தயங்காம கேளுங்க.