கையெழுத்துப் போடுவதற்கு முன்

லண்டன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

"மாசாமாசம் இந்தப் பாடு எதுக்கு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாங்க" என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் இதைப் படித்துவிடு.

இங்கே மாதவிடாயில் உதிரம் அதிகமாகப் போகும் பெரும்பாட்டுக்கு வைத்தியம் படிப்படியாகத்தான் போகும். இதே தொல்லை உள்ள பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவுக்குத் துணையாக டாக்டரிடம் போயிருந்தேன். எத்தனை மில்லி போகிறது என்று டாக்டர் கேட்கவில்லை. "இதனால் உங்களால் எதெல்லாம் செய்ய முடியவில்லை?" என்றுதான் கேட்டார். மணிக்கொரு நாப்கின் மாற்றுவதையும், கட்டி கட்டியாகப் போவதையும், சீட்டில் கறை பட்டுவிடுமோ என்று பஸ்ஸில் நின்றபடியே வேலைக்குப் போவதையும் அக்கா சொன்னார். அன்றாட வாழ்வைக் கெடுக்கும் உதிரப்போக்கு எதுவும் சிகிச்சைக்குரியது என்கிறது இங்குள்ள 'நைஸ்' அமைப்பின் 2018 வழிகாட்டுதல். ரத்தசோகை பார்க்க அன்றே பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள்.

அக்காவுக்கு முதலில் கொடுத்தது டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை. இது ஹார்மோன் அல்ல. உதிரம் அதிகம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிட வேண்டும். போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறையும். பிரசவத்தில் உதிரம் போய் இறக்கும் தாய்மார்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உழைத்த ஜப்பானிய டாக்டர் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962இல் உலகுக்குத் தந்த மருந்து இது. நம் ஊரிலும் கிடைக்கிறது. ரத்தக்குழாயில் அடைப்பு வந்தவர்களுக்கு ஆகாது. டாக்டரைக் கேட்காமல் வாங்காதே.

அடுத்தது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். காப்பர் டி என்று நினைத்துப் பயப்படாதே. காப்பர் டி போக்கைக் கூட்டலாம், இது குறைக்கும். சிறிது சிறிதாக ஹார்மோனைக் கசியவிட்டு கர்ப்பப்பையின் உட்படலத்தை மெல்லியதாக்கும். முதல் சில மாதங்கள் விட்டுவிட்டுத் திட்டுத்திட்டாகப் படும். பொறுத்தால் பலருக்கு மிகவும் குறைந்துவிடும். பிள்ளை வேண்டுமென்றால் எடுத்துவிடலாம்.

இவை பலிக்காதபோது, பிள்ளைப்பேறு முடிந்தவர்களுக்கு உட்படலத்தைச் சுட்டு நீக்குகிறார்கள். நார்க்கட்டி இருந்தால் கட்டியை மட்டும் எடுக்கவும் வழி உண்டு. கர்ப்பப்பையையே எடுப்பது இதற்கெல்லாம் பிறகுதான். சிலருக்கு அதுவே சரியான வைத்தியம், மறுக்கவில்லை. ஆனால் சினைப்பையையும் சேர்த்து எடுத்தால், மாதவிடாய் நின்றபின் வரும் தொல்லைகள் எல்லாம் இளவயதிலேயே வந்துவிடும். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க 2023இல் இந்திய உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. 45 வயதைத் தாண்டியவர்களுக்கும், இடைநாட்களில் உதிரம் படுகிறவர்களுக்கும் உட்படலத்தைப் பரிசோதித்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியிருக்கும்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேள்: என் ஹீமோகுளோபின் எவ்வளவு? ஸ்கேனில் என்ன தெரிகிறது? மாத்திரையும் ஹார்மோன் சாதனமும் எனக்கு ஏன் ஆகாது? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடு.

அன்புடன்,
அக்கா