பெருநகர் சென்ற தலைமையகம்

விளையாட்டுச் செய்திகளை அரசியற் கலப்பற்றவையாகக் கருதும் வழக்கம் எம்மிற் படித்தவரிடையேயும் வேரூன்றியுள்ளது. பத்திரிகையின் முதற் பக்கத்தை ஐயத்தோடு வாசிப்பவர் கடைசிப் பக்கத்தை அடைந்ததும் அந்த ஐயத்தை மடித்து வைத்துவிடுகின்றனர். ஆயின் யாருடைய பணம் எங்கிருந்து எங்கே செல்கின்றது என்பதைச் சில வேளைகளிலே கடைசிப் பக்கமே ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே ஒரு கல்லூரி விளையாட்டுச் சம்மேளனம் தன் தலைமையகத்தை ஒரு நகரிலிருந்து அதனினும் பெரிய நகருக்கு மாற்றிய கதை அத்தகையது.

அக்கதை எமக்குத் தெரியவந்தது பத்திரிகை வாயிலாக அன்று. பல்கலைக்கழகத்திலே எம்மோடு தமிழ் பயின்று, ஒரே விடுதியறையில் வசித்த நண்பரொருவர் வட கரோலினா மாநிலத்துக் கிறீன்ஸ்பறோ நகரிலே பண்டசாலையொன்றில் இரவு வேலை செய்கின்றார். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் எழுதிய கடிதத்திலே, “எங்கள் ஊரின் பெருமையைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்” என்றொரு வரி இருந்தது. குடியேறி ஈராண்டுகூட நிறையாத ஒருவர் ‘எங்கள் ஊர்’ என்றெழுதியதே எம்மை முதலில் நிறுத்தி வாசிக்கச் செய்தது.

அமெரிக்காவிலே பல்கலைக்கழகங்கள் பல ஒன்றுகூடித் தம்முள்ளே போட்டிகளை நடத்துதற்கும், அவற்றின் ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்று வருவாயைப் பங்கிடுதற்கும் அமைத்துக்கொள்ளும் கூட்டமைப்பைக் ‘கொன்பரன்ஸ்’ என்பர். மகாநாடு என்று மொழிபெயர்த்தாற் பொருள் கெட்டுவிடும். சம்மேளனம் என்பதே பொருந்தும். அத்திலாந்திக் கரையோரச் சம்மேளனம் 1953 மே மாதத்திலே கிறீன்ஸ்பறோவை அடுத்த செட்ஜ்பீல்டிற் பிறந்தது. அதற்கு முன்பிருந்த தெற்குச் சம்மேளனம், பருவ முடிவில் நடைபெறும் பெரும் உதைபந்தாட்டப் போட்டிகளில் உறுப்புக் கல்லூரிகள் ஆடலாகாதெனத் தடுத்திருந்தது. பணமும் புகழும் ஈட்டித்தரும் அப்போட்டிகளிலே தடையை மீறி ஆடிய கிளெம்சனும் மேரிலாந்தும் தண்டிக்கப்பட்டன. அவற்றோடு வேறு ஐந்து கல்லூரிகளும் சேர்ந்து வெளியேறிப் புதிய அமைப்பைத் தோற்றுவித்தன. ஆதலால் ஒரு காலத்திலே தூய்மையாக இருந்த விளையாட்டைப் பிற்காலத்தவர் வணிகமாக்கிவிட்டனர் என்று புலம்புவதற்கு இங்கு இடமில்லை. தொட்டிலிலேயே காசின் ஓசை கேட்டது.

எனினும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அத்தலைமையகம் கிறீன்ஸ்பறோவிலேயே இருந்தது. ஆடவர் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி 1967இல் முதன்முறையாக அந்நகரின் அரங்குக்கு வந்தது. பின்னர் வேறெந்த நகரினும் அதிக தடவைகள் அங்கேயே நடைபெற்றது. ‘சுற்றுப்போட்டி நகரம்’ என்று அந்நகர் தன்னைத் தானே அழைத்துக்கொண்டது. இந்தப் பட்டத்தை வெறும் விளம்பரமாகக் கொள்ளுதல் தவறு. கிறீன்ஸ்பறோ நெசவாலைகளால் வளர்ந்த ஊர். 1905இல் இயங்கத் தொடங்கிய வைற் ஓக் ஆலையிலே நெய்யப்பட்ட நீலத் துணி உலகெங்கும் காற்சட்டைகளாயிற்று. முதலாளிகள் மலிந்த கூலியைத் தேடி வேறு நாடுகளை நாடினர். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடுண்டன. வைற் ஓக்கும் 2017ஆம் ஆண்டின் முடிவிலே நின்றுபோயிற்று. ஆலைச் சங்கு ஓய்ந்த ஊருக்குத் தான் யாரென்று சொல்லிக்கொள்ள எஞ்சியிருந்தவற்றுள் ஒன்று இந்தப் பந்து விளையாட்டு.

2022 செப்ரெம்பரில், தலைமையகம் சார்லற் நகருக்குப் பெயருமென்று சம்மேளனம் அறிவித்தது. மறு ஆண்டு அது பெயர்ந்தது. தென்மேற்கே ஏறத்தாழ 145 கிலோமீற்றர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிறீன்ஸ்பறோவின் மக்கட்டொகை 299,035. சார்லற்றின் மக்கட்டொகை 874,579. (மூன்று இலட்சம் மக்கள் வாழும் ஊரைச் சிற்றூர் என்று அவர்கள் சொல்வது எமக்கு விந்தையாகவே படுகின்றது.) இடத்தைத் தெரிவுசெய்யக் கைக்கொண்ட அளவுகோல்களையும் சம்மேளனம் வெளியிட்டிருந்தது: மக்கட்டொகை வளர்ச்சி, பெரிய விமான நிலையம், வணிகப் பெயருக்கு விளையும் நன்மை என்றவாறு அவை அமைந்தன. எழுபது ஆண்டுக் காலம் வீடு தந்த ஊருக்குப் பட்ட கடன் என்பது அவ்வளவுகோல்களில் ஒன்றாக இருக்கவில்லை. புதிய அலுவலகம் அமைந்த மாடமாளிகையோ ஒரு பெரும் வங்கியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சார்லற்றும் நெசவு நாட்டின் நடுவே எழுந்த நகர்தான். நூலை விட்டு வட்டியைப் பிடித்தமையால் அது வளர்ந்தது.

இவ்விடத்திலேதான் வாசகர் கூர்ந்து நோக்கவேண்டும். புளோரிடா மாநிலத்து ஒர்லாண்டோ நகரும் போட்டியில் இருந்தது. சம்மேளனம் மாநிலத்தை விட்டே போய்விடுமென்ற அச்சத்தினால் வட கரோலினாச் சட்டசபை 2022ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே 15 மில்லியன் டொலரை அதற்கென ஒதுக்கியது. பதினைந்து ஆண்டுகள் மாநிலத்துக்குள்ளே இருக்கவேண்டும், குறித்த சில சுற்றுப்போட்டிகளை அங்கேயே நடத்தவேண்டும் என்பன நிபந்தனைகள். அப்பணம் மாநிலத்து மக்கள் செலுத்திய வரி. கிறீன்ஸ்பறோவிலே இரவு வேலை செய்யும் எம் நண்பரின் வரியும் அதிலுண்டு. தன் ஊரைவிட்டுப் போகின்றவர்களுக்கு அவரே வழிச்செலவு கொடுத்தனுப்பினார் என்றுதான் இதனைச் சொல்லவேண்டும். நகரோடு நகரையும் மாநிலத்தோடு மாநிலத்தையும் ஏலம் கேட்கவைப்பது ஆலை முதலாளிகளின் பழைய தந்திரம். அதனை இன்று பல்கலைக்கழகத் தலைவர்கள் அடங்கிய ஒரு சபை கையாளுகின்றது.

இத்துணைப் பணத்தையும் ஈட்டித்தருபவர் யாவர்? பதினெட்டு, இருபது வயது மாணவர். பல்லாண்டுகளாக அவர்களுக்குப் புலமைப்பரிசிலுக்கு மேலாக ஊதியமென்று எதுவும் வழங்கப்பட்டதில்லை. அவர்கள் ‘விருப்பு விளையாட்டாளர்’ என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 2021இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒருமுகமாக அளித்த தீர்ப்பு அந்த நியாயத்தை ஆட்டங்காணச் செய்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இணக்கமொன்றின் பின்னரே பல்கலைக்கழகங்கள் வருவாயில் ஒரு பங்கை மாணவருக்கு நேரடியாகக் கொடுக்க வழி பிறந்தது. இதற்கிடையே, 2024இல் கலிபோர்னியாவின் இரு பல்கலைக்கழகங்களும் ரெக்சாசின் ஒன்றும் இச்சம்மேளனத்திற் சேர்ந்தன. பசிபிக் கரையிலுள்ள கல்லூரிகள் அத்திலாந்திக் கரையோரத்தின் உறுப்பினர்! பெரிய விமான நிலையம் ஏன் வேண்டியிருந்தது என்பது இப்பொழுது விளங்கும். கண்டத்தை ஊடறுத்துப் பறந்து ஆடிவிட்டு மறுநாள் விரிவுரைக்குச் செல்லும் மாணவி எப்பொழுது கற்பாள் என்பதை ஆசிரியராகிய நாம் கேளாதிருக்க முடியாது.

ஆயினும் கிறீன்ஸ்பறோவை நாம் புண்ணிய பூமியாக்க விரும்பவில்லை. சம்மேளனத்தின் முதற் பத்தாண்டிலே அதன் உதைபந்தாட்ட அணிகளில் ஒரு கறுப்பின வீரர்தானும் ஆடவில்லை. 1963இல் மேரிலாந்துக்காக ஆடிய டரில் ஹில்லே முதல்வர். தலைமையகம் இருந்த அதே நகரிலே கறுப்பின மாணவர் பயின்ற விவசாய தொழில்நுட்பக் கல்லூரி இருந்தது. அஃது இச்சம்மேளனத்தில் ஒருபோதும் இடம்பெற்றதில்லை. அக்கல்லூரியின் நான்கு மாணவரே 1960 பெப்ரவரி முதலாந் திகதி வூல்வேர்த் கடையிலே வெள்ளையருக்கென ஒதுக்கிய உணவு மேசையில் அமர்ந்து, எழ மறுத்தவர். அவர்கள் மூட்டிய போராட்டம் தென்மாநிலங்களெங்கும் பரந்தது. யூலை மாதத்தில் அக்கடை பணிந்தது. அந்தக் கட்டடம் இன்று நூதனசாலையாக அந்நகரிலேயே நிற்கின்றது. அதனை எவரும் பெயர்த்துச் செல்ல இயலாது. எம் நண்பருக்கு எழுதிய மறுமொழியிலே, ஊரின் பெருமை எதுவென்று கேட்டு இதனையே குறிப்பிட்டோம். “அங்கே போய்ப் பார்த்தேன். ஆனாலும் சுற்றுப்போட்டி வாரத்திலேதான் எனக்கு இரட்டைச் சம்பளம் கிடைத்தது” என்று அவர் எழுதினார். அவர் சொல்வதிலும் நியாயமிருக்கின்றது.

இக்கதையை உயர்தர வகுப்பு மாணவர்க்குச் சொன்னோம். எம் பாடசாலையிலிருந்து மாகாணப் போட்டிக்குச் செல்பவர் விடியற்காலை மூன்று மணிக்கு பஸ் ஏறவேண்டும். போட்டிகள் பெரிய நகரிலே நடப்பதன் பொருளை அவர்கள் கால்களால் அறிந்தவர்கள். ஆகவே எல்லோரும் கிறீன்ஸ்பறோவின் பக்கமே நிற்பரென எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் நெடுந்தூர ஓட்டத்திலே மாவட்டப் பரிசு பெற்ற மாணவி எழுந்து, “சேர், பெரிய நகரத்திலேதான் நல்ல ஓடுபாதை இருக்கிறது, பயிற்றுநர் இருக்கிறார். அலுவலகம் எங்கே இருந்தால் எனக்கென்ன? ஓடுபாதை எங்கே என்று சொல்லுங்கள்” என்றாள். பின்வரிசையிலிருந்த ஒருவன், அந்தப் பதினைந்து மில்லியனில் எத்தனை ஓடுபாதை போடலாமென்று கேட்டான். கணிதம் கற்பவர் இருவர் தாளை எடுத்துக் கணக்கிடத் தொடங்கினர். மணி அடித்தும் அவர்கள் எழவில்லை.