அரைக்கால் படி

2019 ஜூனில் என் மகளுக்கு ஆறு வயது. பள்ளியில் சேர்க்காமல் வீட்டிலேயே நான் கற்பிப்பது என்று முடிவு செய்தோம். ஆசிரியர் பயிற்சியும் தகுதித் தேர்வும் முடித்து, வேலைக்காகக் காத்திருந்த காலம் அது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. கணவருக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால், பகல் முழுக்க ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார என்னால் முடிந்தது. அது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது பிறகுதான் புரிந்தது.

பாடம் சமையலறையில் தொடங்கியது. மாமியார் வைத்திருந்த படி, உழக்கு, ஆழாக்கு மூன்றையும் அவள் முன்னால் வைத்தேன். நான்கு உழக்கு அரிசி கொட்டினால் படி நிறைந்தது. எட்டு ஆழாக்குக்கும் நிறைந்தது. உழக்கு கால் படி, அதில் பாதி ஆழாக்கு. “அப்போ இது கால்ல அரை” என்றாள். “அதனாலதான் அரைக்கால்னு பேரு” என்றேன். எட்டில் ஒன்று என்று தாளில் எழுதிக் காட்டியது மூன்று வாரம் கழித்து. முதலில் கை, பிறகு வாய், கடைசியில் எழுத்து என்ற வரிசையை வீட்டில் அவசரப்படுத்த வேண்டியதில்லை. வாசிக்கும்போது விரல் எந்த எழுத்தில் தயங்குகிறது என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

அந்த நெருக்கத்திலேயே ஒரு குறையும் வளர்ந்தது. கணக்குக்கு விடை எழுதியதும் மகள் என் முகத்தைப் பார்ப்பாள். புருவம் சுருங்கினால் அழித்துவிடுவாள். சரியா தவறா என்று தானே தேட வேண்டிய இடத்தில் என் முகம் நின்றது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-இல்தான். பத்தொன்பது மாதம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருமே வீட்டில் இருந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள் களையெடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போனார்கள். வீட்டில் இருந்த ஒரே போனும் அப்பாவோடு போய்விடும்.

2022-இல் எங்கள் ஊர் ஈராசிரியர் பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியராகப் போனேன். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. எங்களிடம் முப்பத்து நான்கு பேர். முதல் மூன்று வகுப்புகளின் இருபத்திரண்டு பேர் என் பொறுப்பு. மூன்றாம் வகுப்புக்காரர்களுக்கு ஒன்றாம் வகுப்பு என்பதே மூடிய பள்ளியில் கழிந்த ஆண்டு. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தபோது அவர்களில் பெரும்பாலோர் முதல் நிலையான அரும்பில் நின்றார்கள். அதே பத்தொன்பது மாதத்தில் என் மகள் கதைப் புத்தகம் படிக்கத் தொடங்கியிருந்தாள். அவர்களைவிட அவள் கெட்டிக்காரி இல்லை. அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

மகளையும் அந்தப் பள்ளியிலேயே சேர்த்தேன். இதுவரை பள்ளிக்கே போகாத குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க அதே சட்டம் வழி செய்கிறது. தலைமையாசிரியர் நடத்திய நான்காம் வகுப்பில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு கணக்குக்கும் எழுந்துபோய், “சார், சரியா?” என்று நின்றாள். இரண்டு வகுப்புகளை ஒருசேரப் பார்க்கும் அவருக்கு ஏது நேரம்? பக்கத்துப் பையனிடம் கேட்க ஆரம்பித்தாள். அவன் அம்மாவின் காய்கறிக் கடையில் சில்லறை கொடுத்துப் பழகியவன்.

ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னாள்: “அம்பதுல முப்பத்தேழு போனா எவ்ளோன்னு கேட்டா, அவன் கழிக்கவே இல்லம்மா. முப்பத்தேழுல இருந்து மேல ஏறிப் போறான். மூணு, அப்புறம் பத்து. பதிமூணு!”

கடன் வாங்கிக் கழிப்பதை மட்டுமே நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். இந்த வழி என் வீட்டுக்குள் வந்ததே இல்லை. இருவரும் சண்டை போட்டு, திரும்பப் போட்டுப் பார்த்து, விடையை உறுதி செய்தார்கள். தன்னைப் போலவே தடுமாறும் இன்னொரு குழந்தையிடம்தான் அப்படிச் சண்டை போட முடியும். அம்மாவால் அந்தக் குழந்தையாக முடியாது.

என் வகுப்பிலோ வேறு கதை. கூட்டு வாசிப்பில் ஒரு சிறுமி எல்லாரோடும் சேர்ந்து உரக்க வாசிப்பாள். பல வாரம் கழித்து ஒருநாள் அவள் புத்தகத்தில் படத்தைக் கையால் மறைத்தேன். நின்றுவிட்டாள். ஓர் எழுத்தும் தெரியவில்லை. வீட்டில் ஒரே நாளில் தெரிந்திருக்க வேண்டியது இருபத்திரண்டு குரல்களுக்குள் மறைந்திருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் முதல், மற்றவர்கள் குழுவாக வேலை செய்யும் பத்து நிமிடம், தினமும் ஒரு குழந்தையை என் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கக் கேட்டேன். ஒரு சுற்று முடிய இருபத்திரண்டு பள்ளி நாள்கள் ஆகும். அந்தச் சிறுமியை மட்டும் தினமும் அழைத்தேன்.

வீடா, பள்ளியா என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் உண்டு. பகலில் கூலிக்குப் போகாத ஒருவர் இருக்கும் வீட்டில்தான் வீட்டுக்கல்வி நடக்கும். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவு. அதனால் நான் பள்ளியின் பக்கம் நிற்கிறேன். ஆனால் ஒரு குழந்தையைத் தனியாகக் கவனிப்பது எப்படி என்று எனக்குக் கற்றுத் தந்தது வீடுதான். அதைப் பள்ளிக்குக் கொண்டுவராவிட்டால் அந்த மூன்றாண்டு என் மகளுக்கு மட்டுமே பயன்பட்டதாகிவிடும்.

ஆண்டு முடியும் முன் படியையும் ஆழாக்கையும் வகுப்புக்கு எடுத்துப் போனேன். பிள்ளைகள் மணலை அள்ளிக் கொட்டினார்கள். ஏழா எட்டா என்று சத்தம் எழுந்தது. அந்தச் சிறுமி நிமிர்ந்து என்னைத் தேடினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் படியைக் கவிழ்த்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கும் சத்தம் கேட்டது.