செத்துப்போன டர்போக்கள் பேசும் தெரு!

புதுப்பேட்டைன்னதும் உங்களுக்கு 2006-ல வந்த தனுஷ் படம்தானே ஞாபகத்துக்கு வரும்? எங்களுக்கு வர்றது கருகின ஆயில் வாசனை பாஸ்! போன மாசம் ஒரு சனிக்கிழமை, பையில 22 ஆயிரம் ரூபாயும் மனசுல ஏகப்பட்ட பயமுமா அந்தத் தெருவுல இறங்கினோம். தேடிப் போனது ஒரே ஒரு டர்போ.

முதல்ல ஃப்ளாஷ்பேக். என் ரூம்மேட்டோட மாமாகிட்ட ஒரு 2001 மாடல் எஸ்டீம் இருந்தது. ரேடியேட்டர்ல தண்ணி இல்லாம ஓட்டி, எஞ்சின் சீஸ் ஆகி, ரெண்டு வருஷமா வேப்பமரத்தடியில கோழிகளுக்கு வீடா இருந்துச்சு. 'எடுத்துக்கங்கடா, ஆனா இன்னொரு தடவை நின்னுச்சுன்னா எடை போட்டுருவேன்'னு ஒரு கண்டிஷனோட மாமா சாவியைக் குடுத்தார். ரூம்மேட் தன் பைக்கை வித்தான். செமஸ்டர் லீவு மொத்தமும் ஊர்ல ஒரு வொர்க்‌ஷாப்லயே கிடந்தோம். போர் பண்ணி, அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, 1,298 சிசியா இருந்த எஞ்சின் இப்போ 1,316 சிசி. ஸ்டார்ட் ஆன அன்னிக்கு கோழிங்க ஓடின ஓட்டத்தைப் பார்க்கணுமே!

அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா, 'இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ஒரே ஒரு நாள்... அதுவும் டர்போ போட்டு'ன்னு ரூம்மேட் ஆரம்பிச்சான். நல்ல புத்தி எப்பவும் நமக்கு லேட்டாத்தானே வரும்?

எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா இருபது நிமிஷம்கூட ஆகாது. ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கமா வந்து ஆதித்தனார் சாலைக்குள்ள நுழைஞ்சதுமே ஊரே மாறிடுது. ஒரு கடை முழுக்க கதவு மட்டும், புத்தக அலமாரி மாதிரி அடுக்கி வெச்சிருக்காங்க. பக்கத்துக் கடையில ஹெட்லைட் மட்டும். அத்தனையும் நம்மளையே முறைக்குது. இன்னொரு கடையில கியர்பாக்ஸ் மலை, அது உச்சியில உட்கார்ந்து ஒரு தம்பி டீ குடிக்கிறான். பிளாட்பாரம் ஆயில் ஊறி ஊறி கன்னங்கரேல்னு தார் ரோட்டுக்கே சவால் விடுது. காத்து திரும்பினா கூவம் ஒரு 'ஹாய்' சொல்லும். மூக்கைப் பொத்தாதீங்க, அஞ்சு நிமிஷத்துல பழகிடும்.

புது ஸ்பேர்னா அண்ணா சாலை பக்கத்துல ஜி.பி. ரோடு. பழசுன்னா புதுப்பேட்டை. மெக்கானிக்கல் பசங்க பல பேருக்கு இது எழுதப்படாத சிலபஸ். இங்கே யாரும் 'என்ன வேணும்'னு கேட்கிறதில்லை. "இன்னா வண்டி தம்பி?" அவ்வளவுதான். வண்டி பேரைச் சொன்னா, கை மட்டும் நீண்டு ஒரு சந்தைக் காட்டும். நாங்க 'எஸ்டீமுக்கு டர்போ'ன்னு சொன்னதும், கை நீளவே இல்லை. சிரிப்புதான் வந்துச்சு. எஸ்டீமுக்கு ஏதுங்க டர்போ? மாருதி இந்தியாவுல பெட்ரோல் டர்போ வித்ததே 2017-ல பெலினோ ஆர்.எஸ். வந்தப்போதான்.

நாலாவது கடையில ஒரு பாய். வெள்ளைத் தாடி, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு, எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வேற வண்டிதைப் போடப் போறீங்க... அதானே? வாங்க உள்ள."

உள்ளே மூணு டர்போ மேஜைக்கு வந்தது. இங்கேதான் எங்க சண்டை ஆரம்பம்.

முதல் ஆள் ஸ்கார்ப்பியோ டீசல்ல இருந்து கழட்டினது. பெருசா, கம்பீரமா, தேங்காய் சைஸ்ல! ரூம்மேட் கண்ணுல அப்படியே காதல். விலை ஆறாயிரம்தான். ஆனா யோசிங்க, அது 2.2 லிட்டர் எஞ்சினோட புகையில சுத்தப் பழகின ஆளு. டர்போவுக்கு சாப்பாடே சைலன்ஸருக்குப் போற புகைதான். அந்த வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும், அதே தண்டுல இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். எங்க 1.3 லிட்டர் குட்டி எஞ்சின் விடற மூச்சு இந்தப் பெரிய சக்கரத்தைச் சுத்தவைக்கவே 4,500 ஆர்.பி.எம். தாண்டிடும். எஞ்சினோ ஆறாயிரத்துக்கு மேல கொஞ்சம்தான் போகும். இன்டர்வெல்லுக்கு அப்புறம் ஹீரோ என்ட்ரி குடுத்து, ஒரே ஒரு ஃபைட்டோட படம் முடியற கதைதான்!

ரெண்டாவது ஆள் ஸ்விஃப்ட் டீசல்ல வர்ற கே.பி.35. உள்ளங்கையில அடங்கிடும். ஸ்விஃப்ட், புன்ட்டோ, இண்டிகா விஸ்டா எல்லாத்துலயும் ஓடினது ஒரே ஃபியட் 1.3 மல்ட்டிஜெட் எஞ்சின்தான், அதனால புதுப்பேட்டையில இது மூலைக்கு மூலை கிடைக்குது. நாலாயிரத்து ஐநூறு சொன்னார். சைஸ் சரி, விலை சரி... நான் இதுக்குத்தான் கொடி பிடிச்சேன். கே.பி.35 தாங்குமான்னு முதல் நாள் நைட்டே நோட்டுல கணக்கும் போட்டிருந்தேன். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தன் வயிறு நிறைய காத்து இழுக்கும். 1,316 சிசி, 6,000 ஆர்.பி.எம்., வயிறு 85 சதவிகிதம்தான் நிறையும்னு வெச்சா நிமிஷத்துக்கு 3,300 லிட்டருக்கு மேல. அதுமேல 0.4 பார் பூஸ்ட் ஏத்தினா, சூட்டுக்குக் கழிச்சதுபோக, 4,300 லிட்டர் பக்கம். அந்த டீசல் எஞ்சின் 4,000 ஆர்.பி.எம்-லயே தன் 75 பி.எஸ். மொத்தத்தையும் குடுத்து முடிச்சிடும். நாங்க அதுக்கு மேலயும் மிதிப்போம். அப்போ இந்தக் குட்டி டர்போ மூச்சு முட்டி, காத்தை அமுக்குறதைவிட சூடாக்குற வேலையைத்தான் அதிகம் பார்க்கும். கணக்குல கொஞ்சம் இடிக்குது. ஆனாலும் 'பார்த்துக்கலாம்'னு விட்டிருந்தேன்.

"பார்த்துக்கலாமா? வா, காட்டறேன்"னு பாய் எங்களைக் கடைக்குப் பின்னால கூட்டிட்டுப் போனார்.

அங்கே ஒரு பழைய டிரம். உள்ளே செத்துப்போன டர்போக்கள். எடைக்குப் போறதுக்காகக் காத்திருக்கிற பிணங்கள்! பாய் ஒவ்வொண்ணா எடுத்து எங்க கையில குடுத்தார். முதல் டர்போவோட காத்து சக்கரம் கடிச்சுத் துப்பின கரும்புச் சக்கை மாதிரி இருந்தது. ஏர் ஃபில்டர் சரியா மாட்டாம ஓட்டியிருக்காங்க, உள்ளே ஏதோ போயிருக்கு. அடுத்ததுல தண்டு நீலம் பூத்திருந்தது. ஆயில் வராம சூட்டுல வெந்த நிறம். இன்னொண்ணைத் திறந்தா உள்ளே அடுப்புக்கரி மாதிரி கட்டி கட்டியா கறுப்பு. "ஹைவேஸ்ல விரட்டிட்டு வந்து, நின்னதும் டபக்குனு ஆஃப் பண்ணிட்டான். சூடு ஆறல, உள்ள நின்ன ஆயில் அப்படியே கருகிடுச்சு." கடைசியா ஒண்ணு. புகை போற வார்ப்புக் கூட்டுல, வேஸ்ட்கேட் ஓட்டை பக்கத்துல, முடி மாதிரி ஒரு விரிசல்.

"இது இன்னான்னு சொல்லு பார்ப்போம்?"

நான் முழிச்சேன். "ஸ்விஃப்ட் டீசலுது பாய்..."

"டீசலுதுதான். ஆனா ஓடினது பெட்ரோல் வண்டியில. உன்னை மாதிரி ஒரு தம்பி வாங்கிட்டுப் போய் மாட்டி, திருப்பிக் கொண்டாந்தான்."

அப்பதான் மண்டையில பல்ப்! டீசல் எஞ்சினோட புகை 800 டிகிரி பக்கத்துல நின்னுடும். பெட்ரோல்ல முழுசா மிதிச்சா 950 டிகிரியைத் தொடும். டீசல் டர்போவோட கூட்டை அந்தச் சூட்டுக்குன்னு வார்க்கிறதில்லை. ஸ்கார்ப்பியோ டர்போவுல இன்னொரு தலைவலியும் உண்டு. அதுக்குள்ளே புகையைத் திருப்பிவிடற குட்டிக் குட்டி இறக்கைகள் இருக்கும். பெட்ரோல் சூட்டுல அது விரிஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா கதை முடிஞ்சது. தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல 78 மார்க் வாங்கினவன் நான். ஒரு டிரம் முன்னாடி ஃபெயில்!

"டர்போ தானா சாகாது தம்பி. எஞ்சின்தான் அதைக் கொல்லும்"னு சொல்லிட்டு மூணாவது ஆளை நகர்த்தினார் பாய். அது எக்கோஸ்போர்ட்ல வந்த ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட் பெட்ரோல் எஞ்சினோட டர்போ. நம்ம மறைமலைநகர்ல தயாரிச்ச வண்டி. 2013-ல வந்தப்போ, வெறும் 999 சிசியில 125 பி.எஸ்.! இந்தக் குட்டி டர்போ நிமிஷத்துக்கு 2,48,000 சுத்து வரைக்கும் போகும்னு ஃபோர்டே சொல்லியிருக்கு. செகண்டுக்கு நாலாயிரம் சுத்துக்கு மேல. பெட்ரோல் சூட்டுக்குன்னே வார்த்த கூடு, நடுவுல குளிர்விக்க தண்ணி ஓடற வழி. எங்க 0.4 பாருக்கு, அதாவது 85-ஐ 110 பக்கம் கொண்டுபோறதுக்கு, இது தாராளம். குறை இல்லாமலா? அந்த எஞ்சின்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டுக்குள்ளயே வார்த்திருக்கும், டர்போ நேரா ஹெட்டுல போய் உட்காரும். எஸ்டீமுக்கு தனியா மேனிஃபோல்டு கட்டி, லேத்துல ஃப்ளேன்ஜ் போடணும். விலை? பதினாறாயிரம்!

நான் கால்குலேட்டரை எடுத்தேன். ரூம்மேட் பெருமூச்சை எடுத்தான்.

அப்பத்தான் பக்கத்துல ஸ்விஃப்ட் டர்போ வாங்க வந்திருந்த ஒரு மெக்கானிக் அண்ணன் வாயைத் திறந்தார். "அது கிடக்கட்டும் தம்பி... ரீபில்ட் பண்ணினீங்களே, ரிங் கேப் எவ்ளோ வெச்சீங்க?"

"கம்பெனி சொன்னதுதாண்ணே. 0.25 மில்லிமீட்டர்."

அவர் பதில் பேசல. டிரம்முல கையை விட்டு, டர்போ இல்லை, ஒரு பிஸ்டனைத் தேடி எடுத்துக் காட்டினார். ரிங் உட்கார்ற பள்ளத்தோட மேல் விளிம்பு ஒரு துண்டாப் பேந்திருந்தது. பூஸ்ட் ஏறினா சூடு ஏறும். சூடு ஏறினா ரிங் நீளும். நீள்றதுக்கு இடைவெளி இல்லைன்னா ரெண்டு முனையும் முட்டிக்கும். அப்புறம் சிலிண்டரைக் கிழிக்கும், இல்லை பிஸ்டனை உடைக்கும். எங்க சைஸ் பிஸ்டனுக்கு டர்போன்னா 0.40 பக்கமாவது வேணும். வித்தியாசம் ரெண்டு மூணு தலைமுடி கனம். அவ்வளவுதான் மாமா வண்டிக்கும் இந்த டிரம்முக்கும் நடுவுல இருந்தது.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. பாய் டீ சொன்னார்.

டீ குடிச்சுக்கிட்டே பட்ஜெட்டைத் திருப்பிப் போட்டோம். எஸ்டீமோட பழைய ஈ.சி.யூ-வுக்கு பூஸ்ட்னாலே என்னன்னு தெரியாது. அதோட பிரஷர் சென்சார் சாதாரண காத்தழுத்தத்துக்கு மேல படிக்காது. டர்போ உள்ளே தள்ளற காத்துக்குத் தகுந்த பெட்ரோல் போகலைன்னா பிஸ்டன் வெண்ணெய் மாதிரி உருகிடும். ஆக, பெரிய இன்ஜெக்டர், தனி ஈ.சி.யூ., காத்தைக் குளிரவைக்க இன்டர்கூலர் எல்லாம் வரிசையில நிக்குது. 'பெலினோ ஆர்.எஸ்-ல 10-க்கு 1 கம்ப்ரஷன்லயே டர்போ வெச்சாங்களே'ன்னு கேட்பீங்க. அதுல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளயே தூவி உள்சூட்டைக் குறைக்கும். நம்ம எஸ்டீம்ல அந்த வசதி இல்லை. 9.5-க்கு 1 வெச்சுக்கிட்டு 0.4 பாரைத் தாண்டறது தற்கொலை.

மலிவான டர்போ வாங்கினா மீதிப் பணத்துல இன்டர்கூலர் வாங்கலாம், இந்த வருஷமே ட்ராக்ல ஓட்டலாம், ஒரு நாள் கழிச்சு டிரம்முக்குத் திரும்பலாம். நல்ல டர்போ வாங்கினா கையில மிஞ்சறது சில்லறை. ஈ.சி.யூ-வுக்கு இன்னும் ஆறு மாசமாவது காசு சேர்க்கணும். பைக்கை வித்தவன் அவன், அதனால முடிவையும் அவனையே எடுக்கச் சொன்னேன். அஞ்சு நிமிஷம் அந்த உடைஞ்ச பிஸ்டனையே உருட்டிக்கிட்டு இருந்தவன், "பாய்... அந்த மூணாவதை எடுங்க"ன்னான்.

எடுத்ததும் நம்பிடலாமா? நீங்க போனா இப்படிப் பாருங்க. தண்டைப் பிடிச்சு முன்னும் பின்னும் இழுத்தா கைக்கு எதுவும் தெரியக் கூடாது. பக்கவாட்டுல லேசா ஆடலாம், ஆனா சக்கரம் கூட்டுல உரசக் கூடாது. ப்ளேடு முனையை விரலால தடவினா சொரசொரப்பு இருக்கக் கூடாது. வேஸ்ட்கேட் கையை அசைச்சா அசையணும். டார்ச் அடிச்சு விரிசல் பாருங்க. அப்புறம் பில்! எந்த வண்டியில இருந்து கழட்டினதுன்னு எழுதி வாங்குங்க. பாய் கேட்காமலே எழுதிக் குடுத்தார். பதினாறாயிரம் பதினாலாயிரத்து ஐநூறு ஆச்சு. ஆயில் திரும்பி வர்ற குழாயைப் பத்தி மட்டும் ரெண்டு தடவை சொன்னார். அது பெருசா, மடங்காம, நேரா கீழே இறங்கணுமாம். இல்லைன்னா ஆயில் தேங்கி சீல் வழியா கசிஞ்சு, வண்டி கொசு மருந்து அடிக்கும்.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். இதைப் படிச்சுட்டு அப்பா காருக்கு டர்போ மாட்டி ஈ.சி.ஆர்-ல விரட்டாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தறதைத் தடுக்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணியிருக்கு. எங்க எஸ்டீம் ட்ராக்குக்கு லாரியில ஏறித்தான் போகும். அந்த வாடகைக்கு யார் பைக்கை விக்கிறதுன்னுதான் இன்னும் முடிவாகல.

சாயங்காலம் எழும்பூர்ல ரயில் ஏறினோம். ரூம்மேட் மடியில பேப்பர் சுத்தின டர்போ. பேப்பரைக் கொஞ்சம் விலக்கி, வாயால ஊதி சக்கரத்தைச் சுத்தவிட்டான். எதிர்ல உட்கார்ந்திருந்த பாட்டி, "என்ன தம்பி அது, காபிக்கொட்டை அரைக்கிற மிஷினா?"ன்னு கேட்டாங்க. "ஆமாம் பாட்டி"ன்னான். மாமாவுக்கு போன் பண்ணி எஞ்சினைத் திரும்பவும் பிரிக்கப் போறோம்னு சொல்ற வேலையை மட்டும் என் தலையில கட்டிட்டான்.

வர்ற ஞாயித்துக்கிழமை ஹெட்டைக் கழட்டறோம். ரிங்கை வெளியே எடுத்து, அரத்தால ராவி, 0.40 வர்ற வரைக்கும் அளக்கணும். யார்கிட்டயாவது நல்ல ஃபீலர் கேஜ் இருந்தா ஒரு நாள் இரவல் குடுங்க பாஸ்... கண்டிப்பா துடைச்சே திருப்பித் தர்றோம்!